கிரகரியின் கல்யாணச் சிலுவார்

நிக்கலஸ் மாஸ்டர் அந்தச் சிலுவாரைத் தையல் மேசையில் போட்டு நாலாவது முறையாகப் புரட்டினார். கால்சட்டைதான் என்பது தெரிந்தது; அதில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்பதிலேயே அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. ஜிப் இருப்பதுதான் முன்பக்கம் என்று வைத்துக்கொண்டால், அது தொப்புளுக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. பின்பக்கம் பாதி முதுகுவரை ஏறியிருந்தது. பின்னால் பையே இல்லை. கால்கள் இரண்டும் தேவைக்கு மேல் நீளம். துவைத்துத் துவைத்து நிறமும் சேற்று நிறத்துக்கு வந்திருந்தது.

"வெரோனி, இங்க வந்து பாரேன். இதத் தச்சவன் மட்டும் என் கையில கெடச்சான்னா, கத்திரிக்கோலப் பிடுங்கிக்கிட்டுத்தான் விடுவேன்."

அவர் மனைவி வெரோனிகா பட்டன் தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்தத் தம்பி என்ன சொல்லிட்டுப் போச்சி? இதே மாதிரி வேணும்னுதானே?"

"அவனுக்கு என்ன தெரியும்?"

"போட்டுக்கப் போறது அவன்தானே."

பேச்சில் வெரோனிகா ஜெயித்துவிட்டால் நிக்கலஸ் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்வது வழக்கம். போட்டுக்கொண்டார்.

அந்தத் தம்பியின் பெயர் கிரகரி. மேலே தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோர் கணக்குப் பார்க்கும் கிராணி. எட்டு வருஷத்துக்கு முன்னால் தாப்பா ரோட்டு வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்ததிலிருந்து சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான். வருகிற சனிக்கிழமை அவனுக்கும் கியா பார்ம் ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் வேலை செய்யும் கத்தரீனுக்கும் கல்யாணம். நிக்கலஸின் கடைக்கு மூன்று படிகள் இருப்பதால் அன்று காலை கீழேயே நின்று குரல் கொடுத்து, பழைய சிலுவாரையும் மூன்று மீட்டர் சந்தன நிறத் துணியையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

"இதான் அளவு மாஸ்டர். அப்படியே தச்சிக் குடுங்க. ஒண்ணையும் மாத்த வேணாம்."

"மூணு மீட்டர் எதுக்கு தம்பி? ஒரு சிலுவாருக்குப் பாதி போதுமே."

"இருக்கட்டும் மாஸ்டர். தப்பாப் போச்சின்னா இன்னொன்னு வெட்டலாம்."

நிக்கலஸுக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. முப்பது வருஷமாக ரிங்லெட்டில் சிலுவார் தைக்கிறவர் அவர். இந்த மலையில் ஆண்பிள்ளைகள் நிமிர்ந்து நடப்பதற்கே தன் வெட்டுதான் காரணம் என்று மனதார நம்புகிறவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அளவு கொடுக்க ரிங்லெட்டில் யாரும் டெய்லர் முன்னால் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க மாட்டார்கள். வீட்டிலிருக்கும் பழைய துணியில் ஒன்றைக் கொண்டுவந்து, இதுதான் அளவு என்று வைத்துவிட்டு மீன் வாங்கப் போய்விடுவார்கள். அளவுத் துணியில் ஏதாவது கோணல்மாணல் இருந்தால், நல்ல டெய்லர் அதை வாயைத் திறக்காமல் புதுத்துணியில் சரிசெய்து கொடுத்துவிடுவார். அதுதான் தொழில் மரியாதை. அந்த மரியாதையைக் கிரகரிக்கும் செய்வது என்று நிக்கலஸ் முடிவு செய்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் சிலுவார் தயார். முன்னும் பின்னும் சம உயரம், பின்னால் மூடி வைத்த இரண்டு பைகள், கத்தி போன்ற இஸ்திரி மடிப்பு. அதை ஹேங்கரில் மாட்டி, தூர நின்று பார்த்து, தானே ஒரு முறை தலையாட்டிக்கொண்டார்.

போட்டுப் பார்க்கும் சடங்கு கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில்தான் நடந்தது. வெரோனிகா ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகப் பிடித்துக்கொண்டாள். போகிறவர்களும் வருகிறவர்களும் திரைக்குப் பின்னால் என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். கிரகரி தலையைக் குனிந்துகொண்டு, கைகளால் உடம்பைத் தூக்கித் தூக்கி, ஒருவழியாகச் சிலுவாருக்குள் புகுந்தான்.

விரிப்பு இறங்கியதும் நிக்கலஸின் முகமும் இறங்கியது. முன்பக்கத் துணி முழுவதும் வயிற்றின்மேல் மூட்டை கட்டியது போல் குவிந்திருந்தது. பின்பக்கம் வழுக்கிக்கொண்டு கீழே போயிருந்தது. கால்கள் கணுக்காலை விட்டுவிட்டு மேலே ஏறி, கிரகரியின் காலுறையைத் தெருவுக்கே காட்டின.

"எப்படி இருக்கு தம்பி?"

கிரகரி குனிந்து தன் காலுறையைப் பார்த்தான். "அழகா இருக்கு மாஸ்டர். நிக்கிறவனுக்கு."

"சின்ன விஷயம்லா. சரி பண்ணிடலாம்."

"பின்னாடி பை வேணாம் மாஸ்டர். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல, தையல் அழுத்துனா எனக்குத் தெரியாது. தெரியாமலே புண்ணாயிடும். அந்தப் பழசப் பாத்து அப்படியே..."

"நீ கவலையே படாத."

கவலைப்படாதே என்று நிக்கலஸ் சொன்னால் வெரோனிகா கவலைப்பட ஆரம்பித்துவிடுவாள். முப்பது வருஷ அனுபவம் அது.

பைகளைப் பிரித்தாயிற்று. மடிப்பில் இருந்த துணியைப் பிரித்துவிட்டுக் கால்களை இறக்கியாயிற்று. பின்பக்கம் வழுக்குவதற்கு என்ன செய்வது? நிக்கலஸ் ஒரு மணி நேரம் யோசித்தார். வழுக்குகிற சிலுவாரை மேலேயிருந்து பிடித்து இழுத்தால் எங்கே போகும்? இரண்டு தோள்களிலும் மாட்டிக்கொள்கிற மாதிரி கெட்டியான எலாஸ்டிக் வார் இரண்டு வைத்துத் தைத்தார். கோட்டு போட்டால் வெளியே தெரியாது. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

புதன்கிழமை காலை கிரகரி அதை மாட்டிக்கொண்டபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"கொஞ்ச தூரம் போய்ட்டு வா தம்பி, பாப்போம்."

கிரகரி சக்கரத்தைத் தள்ளினான். ஒவ்வொரு தள்ளுக்கும் தோள் முன்னால் போயிற்று, தோளோடு வாரும் போயிற்று, வாரோடு சிலுவாரும் ஓர் அங்குலம் ஏறிற்று. நாலு கடை தள்ளியிருக்கும் முகம்மது பாயின் சாப்பாட்டுக் கடைவரை போய்த் திரும்பியபோது, சிலுவாரின் கால் முழங்காலில் இருந்தது.

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த முகம்மது பாய் எட்டிப் பார்த்தார். "என்னா தம்பி, கல்யாணத்துக்குப் போறியா, இல்ல மீன் பிடிக்கவா?"

கிரகரியும் சிரித்துவிட்டான். ஆனால் நிக்கலஸிடம் திரும்பியபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மாஸ்டர், காலைல பத்து மணிக்கு மாதா கோயில்ல பூசை. அப்புறம் சாப்பாடு, ஃபோட்டோ, எல்லாம் முடிய சாயந்திரம் ஆறாயிடும். எட்டு மணி நேரம் நான் அந்தச் சிலுவாருக்குள்ள உக்காந்திருக்கணும். அதனாலதான் கேக்குறேன்."

"சனிக்கிழமைக்குள்ள தந்துடுவேன். இது என் வார்த்தை."

அவன் போனபிறகு நிக்கலஸுக்கு மனசு கேட்கவில்லை. பையன் நல்லவன், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவனுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் போல் இருந்தது. அப்போதுதான் மேசை ஓரத்தில் கிடந்த பழைய சிலுவார் கண்ணில் பட்டது.

"இதையும் சரி பண்ணி வச்சிடுறேன் வெரோனி. கல்யாணப் பரிசா இருக்கட்டும். பாவம், எத்தன வருஷமா இந்தக் கோணல மாட்டிக்கிட்டு அலையுறானோ."

வெரோனிகா ஊசியைக் கீழே வைத்தாள். "என்னங்க, அதத் தொடாதீங்க."

"ஏன்?"

"அவன் தொடச் சொல்லல."

"பரிசுன்னா கேட்டுட்டா குடுப்பாங்க?"

முதுகுவரை ஏறியிருந்த பின்பக்கத்தைப் பட்டையாக வெட்டி எடுத்தார். முன்பக்கத்தில் ஒரு துண்டு வைத்து ஏற்றினார். கால்களை அளவாக நறுக்கினார். பை வேண்டாம் என்று அவன் சொன்னதை ஆர்வத்தில் மறந்து, இரண்டு பின்பைகளையும் வைத்து, கல்யாணப் பரிசு என்பதால் அவற்றுக்கு இரட்டைத் தையலும் போட்டார். வெட்டி எடுத்த துண்டுகளால் மெஷினின் எண்ணெயைத் துடைத்து, குப்பை வண்டி வரும் நேரமாக இருந்ததால் அப்படியே வெளியே போட்டுவிட்டார். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் அவர் எப்போதும் கண்டிப்பு.

வியாழக்கிழமை கிரகரி வந்தபோது களைத்துத் தெரிந்தான்.

"மாஸ்டர், புதுசு வேணாம். அந்தப் பழசக் குடுத்துடுங்க. துவச்சி அதையே போட்டுக்குறேன். கத்தரீன்கிட்டயும் சொல்லிட்டேன்."

கல்யாணத்துக்குப் பழைய துணி. அதுவும் நிக்கலஸ் மாஸ்டரிடம் தைக்கக் கொடுத்துவிட்டு. ஊர் என்ன பேசும் என்று நினைத்தபோதே அவருக்கு வியர்த்தது.

"பழசு பத்திரமா இருக்கு தம்பி. அதுல ஒனக்கு ஒரு ஆச்சரியமே வச்சிருக்கேன். அதுக்கு முன்னால எனக்கு ஒரு உதவி பண்ணு. ஒன் வீல்சேர்ல நான் ஒரு தடவ உக்காந்து பாக்குறேன். என் சிலுவார்ல என்ன கோளாறுன்னு எனக்குப் புரியணும்."

இந்த நாலு நாளில் அவர் பேசிய முதல் உருப்படியான பேச்சு அதுதான். கிரகரி முகம்மது பாயிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு, கைகளை ஊன்றி ஒரு நொடியில் அதற்கு மாறிக்கொண்டான். நிக்கலஸ் சந்தனநிறச் சிலுவாரைத் தன் சிலுவாருக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, வார்களையும் தோளில் ஏற்றிக்கொண்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிரேக்குல கை வைக்காதீங்க மாஸ்டர். ரோடு எறக்கம்."

நிக்கலஸ் அதற்குள் கை வைத்திருந்தார். இறுக்குவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் தளர்த்திவிட்டார்.

நாற்காலி நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கியது. சக்கரத்தைப் பிடிக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. வானத்தைப் பிடித்துக்கொள்வது போல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டார். காய்கறிக் கடை முன்னால் அடுக்கியிருந்த முட்டைக்கோசுக் கூடைகள் அவரைத் தடுத்து நிறுத்தின. இறங்கலாம் என்று பார்த்தால் முடியவில்லை. ஒரு வார் முதுகுச் சாய்வின் கம்பியில் போய் முறுக்கிக்கொண்டு அவரை நாற்காலியோடு கட்டிப்போட்டிருந்தது. சிலுவார் இரண்டும் முழங்காலுக்கு ஏறியிருந்தன.

கோலாலம்பூரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு தம்பதி ஓடி வந்தார்கள். கணவர் குனிந்து, நிக்கலஸின் காதுக்குப் பக்கத்தில் நிறுத்தி நிறுத்திக் கத்தினார்.

"அங்கிள். பயப்படாதீங்க. நாங்க. இருக்கோம்."

"எனக்குக் காது நல்லா கேக்கும்," என்றார் நிக்கலஸ்.

அதை அவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கே போக வேண்டும் என்றும் கேட்கவில்லை. நாற்காலியைப் பிடித்துத் திருப்பி, ரோட்டைக் கடந்து, பஸ் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நிக்கலஸ் இரண்டு முறை வாயைத் திறந்தார். அந்த அம்மாள் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து மூடச் செய்துவிட்டாள்.

"பாவங்க," என்றாள் கணவரிடம், நிக்கலஸின் தலைக்கு மேலே. "வீட்டுல யாரும் கவனிக்கிறதில்ல போல. சிலுவாரப் பாருங்க, எப்படித் தச்சிக் குடுத்திருக்கான். இந்த மாதிரி ஆளுக்குன்னா எதையாவது தச்சிக் குடுத்துடலாம்னு நெனப்பு. இதத் தச்சவன் மனுஷனா?"

நிக்கலஸின் மடியில் ஒரு டப்பா ஸ்ட்ராபெரியை வைத்துவிட்டு அவர்கள் தங்கள் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கார் அங்கிருந்து நகரவில்லை. இருவரும் கண்ணாடி வழியாக அவரையே அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாரை அறுத்துவிட்டு எழுந்து நடந்திருக்கலாம். ஆனால் ஸ்ட்ராபெரியை வாங்கிக்கொண்டபிறகு எப்படி எழுந்து நடப்பது? அவர்கள் மனசு என்ன பாடுபடும்? நிக்கலஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, சக்கரத்தைத் தள்ளித் தள்ளி, ரோட்டைக் கடந்து மேட்டில் ஏற ஆரம்பித்தார்.

வரும்போது அரை நிமிஷம் பிடித்த தூரம் போகும்போது முக்கால் மணி நேரம் பிடித்தது. முப்பது வருஷமாக நடந்த நடைபாதைதான். அதில் கடைக்குக் கடை ஒரு படி இருப்பதை அவர் அன்றைக்குத்தான் எண்ணினார். ஒவ்வொரு படிக்கும் ரோட்டில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பின்னால் வந்த காய்கறி லோரிகள் ஹார்ன் அடித்தன. மலைக்காற்று சிலுவாரின் பின்பக்க இடைவெளி வழியாக நேரே முதுகில் அடித்தது. குனிந்து தள்ளும்போதெல்லாம் வயிற்றுத் துணி குத்தியது. தன் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, மூன்று படிகளும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றன. சொந்தக் கடைக்குள் நிக்கலஸால் போக முடியவில்லை.

அவருக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. இந்தப் படிக்குக் கீழே, திரையாகப் பிடித்த விரிப்புக்குப் பின்னால், ஊர் எட்டிப் பார்க்கப் பார்க்க, அந்தப் பையன் எத்தனை முறை துணி மாற்றினான். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லையே.

வெரோனிகா கத்திரிக்கோலால் வாரை வெட்டி அவரை விடுவித்தாள். நிக்கலஸ் எழுந்ததும் முதலில் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கிரகரியைப் பார்த்தார்.

"தம்பி, முன்பக்கம் குட்டையாத்தான் இருக்கணும். இல்லன்னா வயித்துல குத்துது."

"ஆமா மாஸ்டர்."

"பின்பக்கம் ஏறித்தான் இருக்கணும். கால் நீளமாத்தான் இருக்கணும். உக்காந்தா சரியா வந்து நிக்கும்."

"ஆமா மாஸ்டர்."

"ஐயையோ தம்பி, அந்தப் பழசத் தச்சவன் முட்டாள் இல்ல. பெரிய மேதை. லண்டன்லயோ சிங்கப்பூர்லயோ படிச்சிருக்கணும். ஒனக்கு எங்க கெடச்சது?"

"கோயில்ல வருஷா வருஷம் கடைக்காரங்க குடுக்குற பழைய துணிய விப்பாங்கல்ல, அங்கதான். அடிபட்டு மொத வருஷம் கடையில வாங்குனதப் போட்டுப் போட்டுப் பின்னாடி புண்ணு வந்து, மூணு மாசம் குப்புறப் படுத்துக் கெடந்தேன் மாஸ்டர். இனிமே வேலைக்குப் போக முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் அது கெடச்சது. அதப் போட்டுக்கிட்டுத்தான் திரும்ப வேலைக்குப் போனேன். கத்தரீனப் பாத்ததும் அதப் போட்டுக்கிட்டு இருந்தப்பதான்."

"அப்படின்னா அதையே அப்படியே பாத்து..." என்று உற்சாகமாக ஆரம்பித்த நிக்கலஸ் பாதியில் நின்றுவிட்டார். அவர் கண் கடைக்குள், தையல் மேசைப் பக்கம் போயிற்று.

வெரோனிகா உள்ளே போய்ப் பழைய சிலுவாரைக் கொண்டுவந்து கிரகரியின் மடியில் வைத்தாள். கிரகரி அதை விரித்தான். முன்பக்கமும் பின்பக்கமும் சம உயரத்தில் இருந்தன. கால்கள் அளவாக இருந்தன. இரண்டு புதுப் பைகள், இரட்டைத் தையலோடு.

"பரிசா இருக்கட்டும்னு..." என்றார் நிக்கலஸ்.

கிரகரி அந்த இரட்டைத் தையலை விரலால் தடவிப் பார்த்தான். அவன் திட்டியிருந்தால் தேவலை. "வெட்டுன துண்டு இருக்கா மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டான்.

"எண்ணெ தொடச்சி குப்பையில போட்டுட்டேன்."

நிக்கலஸுக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில், வாடிக்கையாளர் முன்னால், அவர் அழுதது அதுவே முதல் தடவை. கல்யாணத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. அளவும் இல்லை, அளவுத் துணியும் இல்லை. லண்டன் மேதையை எங்கே போய்த் தேடுவது?

"துணி இன்னும் பாதி மிச்சம் இருக்குங்க," என்றாள் வெரோனிகா.

"துணி இருந்து என்ன பண்றது? அளவு வேணுமே."

"அளவுக்கு ஆள்தான் இங்கயே உக்காந்திருக்காரே. உக்காந்தபடியே அளவெடுங்க."

நிக்கலஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "முப்பது வருஷத்துல உக்காந்திருக்கிறவனுக்கு நான் அளவே எடுத்ததில்ல வெரோனி. எந்த டெய்லரும் எடுத்ததில்ல. எங்கேருந்து ஆரம்பிக்கிறது, எங்க முடிக்கிறது?"

"இடுப்புல ஆரம்பிங்க. பாதத்துல முடிங்க. நடுவுல எங்க வளையணுமோ அங்க அவரையே கேளுங்க."

முகம்மது பாய் தன் கடையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அரிசி மூட்டை வண்டி போவதற்காகப் படியில்லாமல் கட்டிய கதவு அது. கிரகரி நேராக உள்ளே போனான். கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த வாரத்தில் முதல் முறையாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நிக்கலஸ் அரிசி மூட்டைகளுக்கு நடுவே மண்டியிட்டு டேப்பை நீட்டினார். ஒவ்வொரு இடத்திலும் கேட்டார். இங்க தையல் வரலாமா தம்பி, இங்க அழுத்துமா, ஜிப் எவ்வளவு நீளம் இருந்தா ஒனக்கு வசதி. கிரகரி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எட்டு வருஷமாக அவனுக்குத் தெரிந்திருந்த விஷயங்கள்தான். இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கிரகரி அதைப் போட்டுப் பார்த்தான். தோட்டத்துக் கணக்கில் ஒரு மூட்டைத் தேயிலை குறைந்தாலும் கண்டுபிடிக்கிற ஆள், இதில் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு முகம்மது பாயின் கடையைச் சுற்றி வந்தான். சிலுவார் அசையவில்லை.

"இதான் மாஸ்டர்," என்றான். "இதேதான்."

சனிக்கிழமை கல்யாணம் ஜோராக நடந்தது. கத்தரீன் வெள்ளைக் கவுனில் அவன் பக்கத்தில் நடந்து வந்தாள். சந்தன நிறச் சிலுவாரில் ஒரு சுருக்கம் இல்லை. நிக்கலஸ் பூசையைக் கவனித்தாரோ இல்லையோ, சிலுவாரை ஒரு நிமிஷமும் விடாமல் கவனித்தார். மத்தியானச் சாப்பாட்டின்போது அவருக்கு எதிரே கிரகரியின் ஈப்போ நண்பர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். நாலைந்து பேர், எல்லாரும் சக்கர நாற்காலியில். அவர்களுடைய சங்கத்துக்குத் தலைவி யுவனேஸ்வரி. நேராக விஷயத்துக்கு வருகிற பெண்.

"மாஸ்டர், எங்க சங்கத்துல நாப்பது பேரு. எல்லாருக்கும் இந்த வெட்டு வேணும். ரேம்ப் போடு, லிஃப்ட் வைன்னு ஊரெல்லாம் போய்ப் பேசுறோம். பேசப் போறதுக்கு ஒழுங்கா உக்கார ஒரு சிலுவார் கெடைக்க மாட்டேங்குது. நீங்க தச்சித் தருவீங்களா?"

"தச்சித் தர்றேன்மா. படிக்குப் பலகையும் போடப் போறேன். ஆனா ஒண்ணு." நிக்கலஸ் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தார். பொய் சொல்லிப் பெருமை வாங்கிக்கொள்ள அன்றைக்கு அவருக்கு மனம் வரவில்லை. "இது என் சொந்த மூளை இல்ல. மொதல்ல இதத் தச்ச ஒருத்தர் இருக்காரு. அவர நான் நாலு நாளா மடையன், முட்டாள்னு திட்டியிருக்கேன். அவரு தச்சதக் கெடுத்தும் போட்டேன். அவரு முன்னால நான் வெறும் தூசி."

"அவரத்தான் நாங்களும் தேடிக்கிட்டே இருக்கோம் மாஸ்டர். கெடச்சா ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போய் மேடையில உக்கார வச்சி மாலை போடணும்."

"மாலைய நான் வாங்கித் தர்றேன். அவரு கால்லயும் விழுறேன். எந்த ஊருல இருந்தாலும் சரி."

"கிரகரி மொத மொத சங்கத்துக்கு வந்தப்ப எடுத்த படம் இருக்கு. அப்பல்லாம் கலர் போகல." யுவனேஸ்வரி கைப்பேசியில் தேடி எடுத்து மேசை நடுவில் வைத்தாள். படத்தில் கிரகரி சிரித்துக்கொண்டிருந்தான். சிலுவார் பளீரென்ற இலைப்பச்சை, ஓரத்தில் சிவப்புக் கோடு.

நிக்கலஸ் மரியாதையோடு குனிந்து பார்த்தார். "தைரியமான கலர்," என்றார். "மேதைங்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோணும்."

அந்தச் சமயத்தில் கோலா தெர்லா ஊர்க்காரர் முனியாண்டி கை கழுவிவிட்டு அந்தப் பக்கமாக வந்தார். காய்கறி லோரி ஓட்டுகிறவர். கல்யாணத்துக்கு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வந்ததும் அவர்தான். நிக்கலஸின் கடைப்பக்கம் அவர் பல வருஷமாக வருவதில்லை. ஏன் என்று நிக்கலஸ் யோசித்ததும் இல்லை. எல்லாரும் எதைக் குனிந்து பார்க்கிறார்கள் என்று முனியாண்டியும் கைத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே குனிந்தார். ஒரு முறை பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார், பிறகு நிக்கலஸின் முகத்தைப் பார்த்தார்.

"என்னா மாஸ்டர், லோரிய நிறுத்த எடமில்லன்னு நான் எறங்காம இருந்தப்ப, சீட்டுல உக்காந்தபடியே அளவெடுத்து நீங்க தச்சிக் குடுத்தீங்களே, எந்திரிச்சி நின்னா இடுப்புல நிக்கலன்னு உங்க கடை வாசல்லயே நான் வீசிட்டுப் போனேனே, அந்தச் சிலுவார்தானே இது?"